பத்து வெள்ளிக்கிழமைகளும் ஒரு கேள்விப் பெட்டியும்: மட்டக்களப்பில் ஒரு சுவிசேஷ வகுப்பு பற்றிய மதிப்பீடு

சுவிசேஷ சபை ஒன்று கல்லடியில் ஒரு வீட்டின் மேல்மாடியில், வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, பத்து வார வகுப்பு ஒன்றை நடத்துகின்றது. அதற்கான துண்டுப் பிரசுரத்தில் ‘நம்பிக்கை இல்லாதவர்களும் வரலாம், எந்தக் கேள்வியையும் கேட்கலாம், கட்டணம் இல்லை’ என்று அச்சிடப்பட்டிருந்தது. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவள். சைவக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதளவில் அந்த நம்பிக்கையை விட்டவள். அரச வைத்தியசாலை ஒன்றின் மருந்தகத்தில் 26 வருடங்களாக மருந்தாளராக வேலை செய்கின்றேன். என் தம்பியின் மனைவி அந்தச் சபையில் சேர்ந்து இரண்டு வருடங்களாகின்றன. “மச்சாள், ஒருக்கா வந்து கேட்டுப் பாருங்க, பிறகு என்னத்தையும் சொல்லுங்க” என்று அவள் பலமுறை கேட்டதனால், பத்து வாரமும் ஒன்றுவிடாமல் போய் வந்தேன். சபையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் எங்கள் பகுதியில் இப்படியான அழைப்பு வராத வீடு அரிது என்பதனால், உள்ளே என்ன நடக்கின்றது, எது நன்றாக இருக்கின்றது, எது திருந்த வேண்டும் என்பதை அக்கறையோடு எழுத விரும்புகின்றேன்.

ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். கிறிஸ்தவம் இந்த ஊருக்குப் புதிதன்று. 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் இங்கு வந்து தொடங்கிய கல்விப் பணியிலிருந்துதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி உருவானது. கத்தோலிக்கர் அதற்கும் முன்பிருந்தே இங்கு வாழ்கின்றனர். இன்று வீடுகளிலும் வாடகை மண்டபங்களிலும் கூடுகின்ற சுவிசேஷ, பெந்தெகொஸ்தே சபைகள் பின்னால் பெருகியவை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு சிறுவர்கள் பலர் உட்பட வழிபட வந்தவர்களைக் கொன்றது. அந்தக் காலையை மறந்துவிட்டு இந்த ஊரில் எவரும் சுவிசேஷ விசுவாசிகளைப் பற்றி எழுத முடியாது, எழுதவும் கூடாது. 2004 இல் மதமாற்றத்தைத் தடுக்கவென்று பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோதும் நான் அதை எதிர்த்தவளே. அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை ஒவ்வொருவருக்கும் தாம் விரும்பிய நம்பிக்கையைக் கொண்டிருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் சுதந்திரம் தருகின்றது. தம்பி மனைவி ஞானஸ்நானம் எடுத்ததும் நான் கோயிலுக்குப் போகாதிருப்பதும் அந்த ஒரே வாசகத்தின் நிழலில்தான். ஆகவே இந்த வகுப்பு நடக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நடப்பது தான் சொன்ன சொல்லுக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்றே கேட்கின்றேன்.

உபசரிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. மேல்மாடியில் ஏறியதும் வாவிக் காற்று நேரே வந்து முகத்தில் படும். இருபத்தைந்து பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும், மேடை கிடையாது. பிளேன்ரீயும் அவித்த கடலையும் தருவார்கள், இரண்டு தடவை இடியப்பமும் சொதியும் கிடைத்தன. பிள்ளைகளோடு வருகின்ற தாய்மாருக்காகப் பக்கத்து அறையில் ஒரு தங்கச்சி பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால் மறுநாளே தொலைபேசியில் விசாரிப்பார்கள். சுகமில்லை என்றால் வீட்டுக்குச் சாப்பாடு போகும். இதில் எந்த வேஷத்தையும் நான் காணவில்லை. கணவனை இழந்து தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணித்தியாலம் பெயர் சொல்லி அழைக்கப்பட வேறு எந்த இடம் இருக்கின்றது என்று பலமுறை யோசித்தேன். என்னைப் போன்ற நாத்திகர்கள் அப்படி ஒரு கதிரை வட்டத்தை எங்கும் போட்டு வைத்ததில்லை என்பதும் உண்மைதான்.

எல்லாருக்கும் எழுபது பக்கம் அளவில் ஒரு பயிற்சிப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கின்றது. தாள் தரமானது, எழுத்துப் பெரிதாக இருப்பதனால் வயதானவர்களும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம். தமிழ் இந்தியத் தமிழ்; ‘மாத்திரை’, ‘மருத்துவமனை’ என்று வருகின்ற இடங்களை வகுப்பை நடத்துபவர் ‘குளிசை’, ‘ஆஸ்பத்திரி’ என்று மாற்றி வாசித்தார். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இடைவெளி நிரப்பும் கேள்விகள் பத்து இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு வேத வசனத்தின் எண் இருக்கும், அந்த வசனத்தில் வருகின்ற சொல்லை எடுத்து எழுதினால் சரி. ‘மனிதர் எல்லாரும் ______ செய்தார்கள்’ என்றால் விடை ‘பாவம்’. சரியான சொல்லைத் தேடிப் பிடிப்பதே இங்கே கற்றல் ஆகிவிடுகின்றது. ‘அந்த வசனத்தை எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது?’ என்று கேட்கின்ற ஒரு கோடுகூட எழுபது பக்கத்தில் இல்லை.

நாலாம் பாடம் மந்திரவாதத்தைப் பற்றியது. அதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழு வகுப்பிலும் என் மனதுக்கு மிக நெருக்கமாக வந்த பாடமும் மிக அதிகமாக ஏமாற்றிய பாடமும் அதுவே. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லுகின்ற ஊர் எங்களுடையது. காய்ச்சலுக்கு நூல், பரீட்சைக்கு நூல், கணவன் மனம் மாற ஒரு தகடு, எதிரி கெட்டுப்போக ஒரு முட்டை என்று இதற்காகச் செலவழித்துக் கடன்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். பயிற்சிப் புத்தகத்தில் கறுப்பு நூல் கட்டிய ஒரு மணிக்கட்டின் படம் இருந்தது. கீழே மூன்று கேள்விகள் இருந்தன. இந்த நூல்தான் சுகப்படுத்தியது என்று எப்படித் தெரியும்? நூல் கட்டாதவர்களுக்கும் அதே காய்ச்சல் மாறியதில்லையா? மாறாதபோது மந்திரவாதி என்ன காரணம் சொன்னார்? இந்த மூன்றையும் நான் அப்படியே என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மருந்தொன்று வேலை செய்கின்றதா என்று உலகில் எங்கு சோதித்தாலும் கேட்கப்படுவது இந்த மூன்றும்தான். படுவான்கரையில் இருந்து வந்திருந்த வயதான ஒருவர் அன்றைக்கே கத்தரிக்கோல் வாங்கித் தன் கையில் இருந்த நூலை வெட்டினார். நூல் இருந்த இடத்தில் தோல் ஒரு விரலகலம் வெளுத்துக் கிடந்தது. அவர் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது அந்தத் தெளிவு போய்விட்டது. நூலுக்குச் சக்தி இல்லை என்று சொல்லி முடித்த புத்தகம், நூலின் வழியாகப் பிசாசு வீட்டுக்குள் நுழையும் என்று தொடங்கியது. சக்தி இல்லாத நூல் எப்படிப் பிசாசுக்குக் கதவாகும் என்று கேட்டேன். வகுப்பை நடத்திய பாஸ்டர் முப்பத்தைந்து வயதளவான, அமைதியாகப் பேசுகின்ற மனிதர். “அக்கா, நூலில ஒண்டும் இல்ல. நூலை நம்புற மனசிலதான் அது நுழையிது” என்றார். மரியாதையான பதில்தான், ஆனால் அதைச் சோதிக்க வழியில்லை. அமெரிக்காவில் முன்பு போதகராக இருந்து பின்னர் நாத்திகரான ஜோன் லொஃப்டஸ் ஒரு சோதனையை முன்வைத்திருக்கின்றார்: மற்றவருடைய மதத்தை எந்த அளவு சந்தேகத்தோடு பார்க்கின்றாயோ, அதே அளவு சந்தேகத்தோடு, வெளியாள் ஒருவர் பார்ப்பதுபோல, உன்னுடையதையும் பார். மந்திரவாதியை நோக்கி இந்தப் பாடம் கேட்ட மூன்று கேள்விகளைத் தன்னை நோக்கியும் கேட்டிருந்தால், இதைவிடச் சிறந்த பாடத்தை இந்த ஊரில் எவரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஐந்தாம், ஆறாம் பாடங்கள் வேதாகமம் நம்பத்தகுந்தது என்பதற்கானவை. கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் ஐயாயிரத்துக்கும் மேல் உள்ளன, ஆகவே அதில் உள்ளது உண்மை என்பது வாதம். பிரதிகள் நிறைய இருந்தால் மூலத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை நெருங்கிக் கண்டுபிடிக்கலாம். எழுதப்பட்டது நடந்ததா என்பது வேறு கேள்வி. கண்ணகி வழக்குரையின் ஏடுகள் எத்தனை கிடைத்தாலும் மதுரை எரிந்தது நிரூபணமாகாது என்று எங்கள் ஊரார் எவருக்கும் சொல்லி விளங்கவைக்கலாம்.

வாசலுக்குப் பக்கத்தில் பால்மாப் பேணி ஒன்றில் துவாரமிட்டுக் கேள்விப் பெட்டி வைத்திருந்தார்கள். பெயர் எழுதத் தேவையில்லை, அடுத்த வாரம் வாசித்துப் பதில் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. நான் இரண்டு கேள்விகளைப் போட்டேன். முதலாவது இயேசுவின் பிறப்பைப் பற்றியது. மத்தேயு தன் சுவிசேஷத்தில், இயேசு ஏரோது அரசன் உயிரோடிருந்தபோது பிறந்ததாகச் சொல்கின்றார்; ஏரோது பொது ஆண்டுக்கு முன் 4 இல் இறந்ததாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர் கொள்கின்றனர். லூக்கா, அவர் பிறந்த காலமாக, சீரியாவில் சிரேனியு அதிகாரியாக இருந்தபோது நடந்த குடிமதிப்பைச் சொல்கின்றார். அது பொது ஆண்டு 6 இல் நடந்தது. இடையில் பத்து வருட அளவு வித்தியாசம் இருக்கின்றதே என்று கேட்டிருந்தேன். சிரேனியு முன்னரும் ஒருமுறை அங்கு அதிகாரியாக இருந்திருக்கலாம் என்று பதில் வந்தது. இருந்திருக்கலாம் என்பதற்கு ஆதாரம் எது என்று கேட்டபோது நேரம் போய்விட்டது என்று ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது கேள்வி மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களைப் பற்றியது. விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள், வியாதியஸ்தர்மேல் கைகளை வைக்கச் சுகமடைவார்கள் என்ற வாக்கு 16 ஆம் அதிகாரத்தில் அந்த வசனங்களுக்குள் இருக்கின்றது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த, மிகப் பழைய முழுமையான பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் மாற்கு 16 எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றது. பின்னால் உள்ளவை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பதைக் கிறிஸ்தவ அறிஞர்களே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றனர். வகுப்பில் பயன்படுத்திய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அந்தச் சீட்டு வாசிக்கப்படவில்லை. அடுத்த வாரமும் வாசிக்கப்படவில்லை.

இந்த இரண்டாவது சீட்டு ஏன் முக்கியம் என்பது ஏழாம் வாரத்தில் தெரிந்தது. ஏழாம் பாடத்தின் தலைப்பு சுகமளித்தல். அதன் முதலாவது ஆதார வசனம் மாற்கு 16:18. எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். பிறகு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழும்பிச் சாட்சி சொன்னார். அவருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். ஜெபித்த பிறகு இரண்டு மாதமாகக் குளிசை போடவில்லை, போன கிழமை ஊசி குத்திப் பார்த்தபோது 110 தான் இருந்தது என்று கண்ணீரோடு சொன்னார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்குக் கை நடுங்கியது. ஒரு காலை எடுத்த ஒற்றை அளவு அந்தக் காலையைத்தான் காட்டும். கடந்த மூன்று மாத அளவுக்கான சராசரியைத் தெரிந்துகொள்ள எச்.பி.ஏ.1.சி என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்து பார்க்க வேண்டும். கட்டுப்படாத சீனி வெளியில் தெரியாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தின் நரம்பையும் தின்னும். காயத்தின் வலி தெரியாமல் கால் விரலை இழந்தவர்களுக்கு நான் மருந்து கட்டிக் கொடுத்திருக்கின்றேன்.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் அவரைப் பிடித்துக் கேட்டேன். பாஸ்டர் நிறுத்தச் சொன்னாரா என்றேன். “இல்லக்கா, மருந்த விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லல்ல. குளிசையப் போட்டா நான் நம்பல்ல எண்டுதானே ஆகும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வகுப்பை நடத்துகின்ற எல்லாரும் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று விரும்புகின்றேன். எவரும் கட்டளை இடவில்லை. புத்தகத்தில் எந்த வரியும் மருந்தை விடச் சொல்லவில்லை. ஆனால் விசுவாசம் இருந்தால் சுகம் உண்டு என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டு மருந்தைப் பற்றி மௌனமாக இருந்தால், மிச்சக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார். அன்றிரவே பாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் அதிர்ந்துதான் போனார், மருந்து எடுக்க வேண்டும் என்று அந்த மனிதரிடம் தனியாகச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார், சொல்லியும் இருக்கின்றார். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. ஒருவருடைய சாட்சியைச் சபையில் மறுக்கக் கூடாது என்றார். சாட்சியைக் கேட்ட இருபத்து மூன்று பேரில் வேறு யாருக்கெல்லாம் சீனி, பிறஷர் இருந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனெனில் அவர்களில் நாலு பேருக்கு மாதாமாதம் மருந்து கொடுப்பவள் நான்.

எட்டாம் வாரம், ஜெபத்தை எவரும் சோதித்துப் பார்த்ததுண்டா என்று ஓர் இளைஞர் கேட்டதனால், என் கையில் இருந்த ஆய்வைப் பற்றிப் பேச அனுமதித்தார்கள். இதற்காகப் பாஸ்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். 2006 இல் வெளியான அந்த ஆய்வை ஹேர்பேர்ட் பென்சன் என்ற வைத்தியர் தலைமை தாங்கி நடத்தினார். அமெரிக்காவின் ஆறு வைத்தியசாலைகளில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். தமக்காக ஜெபிக்கப்படுமோ இல்லையோ என்று தெரியாதிருந்தவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுள் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களுள் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. உனக்காக நிச்சயம் ஜெபிக்கின்றார்கள் என்று அறிவிக்கப்பட்ட மூன்றாம் குழுவில் 59 சதவீதத்தினருக்கு வந்தன. இதற்குப் பெரும்பகுதி பணம் கொடுத்தது சமயத்தின்மேல் நல்லெண்ணம் கொண்ட டெம்பிள்டன் அறக்கட்டளை என்பதையும் சொன்னேன். எங்கள் நாட்டிலும் ஏபிரகாம் கோவூர் இருந்தார். கேரளத்தில் கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தாவரவியல் கற்பித்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறிவித்தார். 1978 இல் அவர் இறக்கும்வரை எவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. தேவனைச் சோதிக்கக் கூடாது என்று வேதம் சொல்கின்றது என ஒருவர் பதில் சொன்னார். அப்படியானால் போன வாரம் சொன்ன 110 என்ற எண்ணை ஏன் ஆதாரமாகச் சொன்னீர்கள் என்று அந்த இளைஞரே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு சிறிது நேரம் எல்லாரும் அமைதியாக இருந்தோம்.

இந்த வகுப்பில் நான் கண்ட மிகச் சிறந்த பத்து நிமிடம் ஒன்பதாம் வாரத்தில் வந்தது. பாடம் துன்பத்தைப் பற்றியது. நாவலடிப் பக்கத்தில் இருந்த ஒரு தாய், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர், எட்டு வாரமும் ஒரு சொல்லும் பேசாதவர், அன்றைக்கு “ஏன் என்ட பிள்ளையள்?” என்று மட்டும் கேட்டார். புத்தகத்தில் அதற்குப் பதில் அச்சிடப்பட்டிருந்தது: எல்லாம் தேவனுடைய நன்மையான திட்டத்துக்குள் இருக்கின்றது, இடைவெளியில் ‘நன்மை’ என்று எழுத வேண்டும். பாஸ்டர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். “எனக்குத் தெரியாது அம்மா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தாய் தலையசைத்தார், ஒரு பெண் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அன்று அந்த இடைவெளியை எவரும் நிரப்பவில்லை. எழுபது பக்கப் புத்தகமும் அந்த மனிதருடைய நேர்மையின் அளவுக்கு எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் நினைத்துக்கொண்டு போனேன்.

பத்தாம் வாரம் பாஸ்கலின் பந்தயம். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல் சொன்னதைச் சுருக்கி, ‘நம்பிக் கெட்டால் இழப்பில்லை, நம்பாமல் கெட்டால் நித்திய நரகம்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கடவுளைப் பற்றிய பேச்சு இருக்கின்ற ஊரில் இந்தக் கணக்குப் பொருந்தலாம். அமிர்தகழியில் மாமாங்கப் பிள்ளையாரும் வந்தாறுமூலையில் கண்ணகியும் காத்தான்குடியில் பள்ளிவாசல்களும் இருக்கின்ற எங்கள் மாவட்டத்தில் பந்தயத்தை எந்தப் பக்கம் கட்டுவது என்பதற்கு அது பதில் சொல்லாது. பயத்தினால் வருகின்ற சம்மதத்தை நம்பிக்கை என்று எண்ணவும் என்னால் முடியவில்லை.

முடிவில் ஒரு படிவம் தந்தார்கள். இரண்டு கட்டங்கள் இருந்தன: ‘இயேசுவை ஏற்றுக்கொள்கின்றேன்’, ‘எனக்காக இன்னும் ஜெபியுங்கள்’. கேள்வி கேட்க வருமாறு அழைத்தவர்கள் ‘கேட்டேன், நம்பவில்லை’ என்பதற்கு இடம் வைக்கவில்லை. நான் பேனையால் மூன்றாவது கட்டம் ஒன்று கீறி அதில் அடையாளம் இட்டுக் கொடுத்தேன். பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, அடுத்த முறை அச்சடிக்கேக்க யோசிக்கிறம்” என்றார். யோசிப்பார் என்றே நம்புகின்றேன்.

போக எண்ணுபவர்களுக்கு: கட்டாயப்படுத்தல் இல்லை, பணம் கேட்கவில்லை, பெண்கள் தனியாகப் போய்வரப் பயப்படத் தேவையில்லை. வேறு சபைகளில் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. கேள்வியைப் பெட்டியில் போடாமல் வாயால் கேளுங்கள், பெட்டியில் போட்டது தவறிப்போகின்றது. ஏழாம் வாரத்துக்குப் போகின்ற எவரும், எந்தச் சாட்சியைக் கேட்டாலும், கிளினிக் கொப்பியையும் குளிசையையும் கைவிடாதீர்கள். குறைக்கலாமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஏழாம் பாடத்தின் அடியில் ஒரு வரி மட்டுமே: ‘ஜெபித்தாலும் மருந்தை நிறுத்த வேண்டாம்.’ அதைத் தமிழில் அச்சடிக்கின்ற செலவை நானே தருகின்றேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கின்றேன்.

தம்பியின் மூத்த மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கின்றாள். “மாமி, நீங்க போகாத எண்டு சொல்லுவீங்க எண்டு நினைச்சன்” என்றாள். போ என்றுதான் சொன்னேன். என்னுடைய பயிற்சிப் புத்தகத்தை, ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு, அவளிடம் கொடுத்துவிட்டேன். நாலாம் பாடத்தின் மூன்று கேள்விகளுக்குக் கீழே மட்டும் பேனையால் கோடு போட்டிருக்கின்றேன்.